முப்பத்தெட்டு ஜோடிக் கால்கள்

என் அண்ணியின் குரலை அவளுடைய பள்ளியில் யாரும் சரியாகக் கேட்டதில்லை. பத்தொன்பது வருடமாக விளையாட்டு ஆசிரியை. அத்தனை வருடமும் அவளுக்காகப் பேசியது விசில்தான். நீளமாக ஒன்று என்றால் ஆரம்பி. குட்டையாக இரண்டு என்றால் மாற்று. மூன்று என்றால் நிறுத்து. பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கமும் இல்லை. வருகைப் பதிவேட்டில் என்ன எண்ணோ அதுதான் பெயர். “பதினேழு, முட்டியை மடக்கு.” “நாலு, சட்டையை உள்ளே விடு.” கடைத்தெருவில் பழைய மாணவி ஒருத்தி இடுப்பில் குழந்தையோடு எதிரே வந்தால்கூட, “ஏய், இருபத்தொன்பது! எப்படி இருக்கே?” என்று முகம் மலர்ந்து நிற்பாள். வந்தவளும் கோபித்துக்கொண்டதாக நான் பார்த்ததில்லை.

கல்லூரி நாட்களில் தடை ஓட்டம் ஓடியவள். நான்கு பெரிய போட்டிகள். நான்கிலும் நாலாவது இடம். “நாலாவதா வர்றவளுக்கு மெடலும் கிடையாது, தட்டிக் கொடுக்க ஆளும் கிடையாது. தண்ணியைக் குடிச்சுட்டு பஸ் ஏற வேண்டியதுதான்” என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். அண்ணனோ மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டுகிறவன். ஒரே ஒரு மாடி ஏறி வருவதற்குள் நடுப்படியில் நின்று ஜன்னல் வழியாக வானத்தைப் பார்ப்பான். மழை வருமா என்று பார்க்கிறானாம். “ஓடிக்கிட்டே இருந்தவளை நான் உட்கார்ந்த இடத்துலயே பிடிச்சேன்” என்பது அவனுடைய தீராத பெருமை.

பள்ளிகள் மூடிய அந்த வருடம் எல்லாப் பாடங்களும் போனுக்குள் போயின. கணக்கு போனது, அறிவியல் போனது, பாட்டு வகுப்புகூடப் போனது. விளையாட்டு மட்டும் வாசலிலேயே நின்றது. கடைசியில் தலைமையாசிரியை மனமிரங்கி, ஏழாம் வகுப்புக்கு மட்டும் வெள்ளோட்டமாக வாரம் மூன்று நாள், நாற்பது நிமிடம் ஒதுக்கினார். சரிப்பட்டால் மற்ற வகுப்புகளுக்கும் உண்டு. சரிப்படாவிட்டால் பள்ளி திறக்கும்வரை அண்ணி வீட்டில் இருக்கலாம்.

எங்கள் கூடம் பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதில் ஒரு சோபா, ஒரு சாப்பாட்டு மேசை, அண்ணன் மகளின் பொம்மைகள். அவளுக்கு எட்டு வயது. வீட்டில் வாலு என்றுதான் கூப்பிடுவோம், காரணம் சொல்லத் தேவையில்லை. சோபாவைச் சுவரோடு தள்ளினால் ஒருவர் கைகளை நீட்டிச் சுற்றலாம். என் அலுவலகமும் அப்போது வீட்டுக்கே வந்துவிட்டிருந்ததால், வகுப்பு நேரத்தில் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வேலை எனக்கு வந்தது.

முதல் இரண்டு வாரம் நடந்ததை அண்ணி இன்றும் பேச விரும்புவதில்லை. டிராக் சூட் போட்டு, விசிலை நாடாவில் மாட்டி, மைதானத்தில் நிற்பது போலவே நிற்பாள். விளக்குவாள். நீளமாக ஊதுவாள். ஒரு பிள்ளையும் அசையாது. குட்டையாக இரண்டு ஊதுவாள். எவனாவது கொட்டாவி விடுவான். மூன்று ஊதி நிறுத்தச் சொன்னால், அப்போதுதான் ஒருத்தி எழுந்து குதிக்க ஆரம்பிப்பாள். பாதிக் கட்டங்கள் இருட்டு. மீதிக் கட்டங்களில் கட்டிலும் தலையணையும் தெரியும்.

“என் விசில் கேட்டா பிரேயர்ல காக்கா கூட லைன்ல நிக்கும். இந்தப் பசங்களுக்கு என்னதான் ஆச்சு?” என்று அன்று சாப்பாட்டு மேசையில் புலம்பினாள்.

“காக்காவுக்கு நெட்வொர்க் தேவையில்லைல்ல” என்றான் அண்ணன்.

அவள் அவனைப் பார்த்த பார்வையில், அவன் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கே போய்விட்டான்.

இரண்டாம் வார வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் தலைமையாசிரியை அழைத்தார். நான் பக்கத்திலேயே இருந்தேன்.

“டீச்சர், குறை சொல்றேன்னு நினைக்காதீங்க. இன்னைக்கு கால் மணி நேரம் உங்க கிளாஸைப் பார்த்தேன். பாதிப் பேரு படுத்திருக்காங்க. ஒருத்தன் தட்டை வச்சுக்கிட்டு சாப்பிடறான்.”

“நேர்ல இருந்தா இப்படி நடக்குமா மேடம்?”

“நேர்ல இல்லையே. கணக்கு டீச்சர் பாடம் முடியலைன்னு தினம் வந்து நிக்கறாங்க. அந்த மூணு பீரியடையும் அவங்களுக்குக் குடுத்தா அவங்களாவது தூங்குவாங்க.”

அண்ணியின் காது மடல் சிவந்தது. “ஒரு மாசம் குடுங்க மேடம்.”

“மூணு வாரம். மூணாவது வெள்ளிக்கிழமை நான் வந்து உட்காருவேன். பிள்ளைங்க நிஜமாவே ஓடியாடறாங்கன்னு என் கண்ணுக்குத் தெரியணும். இல்லைன்னா ஸ்கூல் தொறக்கறப்போ பார்த்துக்கலாம்” என்றார்.

அண்ணி போனை வைத்துவிட்டு, தேய்த்துக் கவிழ்த்து வைத்திருந்த பாத்திரங்களை எடுத்து மறுபடியும் தேய்த்தாள்.

திங்கட்கிழமை வகுப்பில் வழக்கம் போல ஊதினாள். வழக்கம் போல யாரும் அசையவில்லை. அப்போது பதினேழாம் எண் கையை உயர்த்தியது.

“டீச்சர், ஒரு சந்தேகம். திட்டக் கூடாது.”

“கேளு.”

“நீங்க ஏன் அடிக்கடி கன்னத்தை உப்பி உப்பிக் காட்டறீங்க? அது முகத்துக்கான எக்ஸர்சைஸா? நாங்களும் செய்யணுமா?”

“நான் செஞ்சுக்கிட்டுதான் இருக்கேன் டீச்சர்” என்றான் முப்பத்துநாலு.

அண்ணி விசிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “விசில் கேட்கலையா உங்களுக்கு?”

“எந்த விசில் டீச்சர்?”

பேச்சைத் தவிர மற்ற சத்தங்களைத் துடைத்தெடுக்கும்படி வகுப்பு நடக்கும் ஆப்பைச் செய்திருந்தார்கள். மின்விசிறியின் இரைச்சல், தெருவில் போகும் வண்டியின் ஹார்ன், நாயின் குரைப்பு என்று அது துடைத்த குப்பையோடு அண்ணியின் விசிலும் போயிருக்கிறது. ஏழு வகுப்பு! பத்தொன்பது வருட அனுபவசாலி, ஏழு வகுப்பு முழுக்க முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்குக் கன்னத்தை உப்பிக் காட்டியிருக்கிறாள். அண்ணன் அன்று சாயங்காலம் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தான். வெளியே கேட்டது.

அந்த அமைப்பை எங்கே அணைப்பது என்று தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்தேன். புதன்கிழமை வகுப்பில் விசில் முழு வீச்சில் போய்ச் சேர்ந்தது. ஒரு வீட்டில் தொட்டில் குழந்தை அலறி எழுந்தது. இன்னொரு வீட்டில் அலுவலகக் கூட்டத்தில் இருந்த அப்பா, காதில் மாட்டியிருந்ததைப் பிடுங்கி எறிந்தாராம். எங்கள் வீட்டில் கதவு தட்டப்பட்டது. கீழே தரைத்தளத்தில் முன்னறையைக் கடையாக வைத்திருக்கும் டெய்லர், கழுத்தில் தொங்கும் அளவு நாடாவோடு நின்றிருந்தார்.

“மேல மேட்ச் நடக்குதா டீச்சர்? டிக்கெட் வாங்கிக்கிட்டு வரட்டுமா?”

“மன்னிச்சுக்கோங்க அண்ணே. கிளாஸ்.”

“விசிலைக்கூட விடுங்க. நீங்களும் உங்க பொண்ணும் குதிக்கறப்போ எனக்கு மேல டியூப் லைட்டு ஆடுது. ஒரு காஜாவைக்கூட சரியான இடத்துல எடுக்க முடியலை. முந்தாநாள் ஒருத்தர் சட்டையில மூணு பட்டன் மேல ஏறிப் போச்சு.”

அண்ணி அவர் போன பிறகும் வாசலிலேயே நின்றாள். “முப்பத்தெட்டு வீட்டுக்கும் கீழ ஒரு டெய்லர் இருப்பார்ல?” என்றாள். “கீழ இல்லைன்னா பக்கத்து ரூம்ல. அந்தப் பசங்க எப்படிம்மா குதிக்கும்?”

மைதானத்தைத் தூக்கி வந்து கூடத்தில் வைக்கப் பார்த்ததுதான் தன் தப்பு என்று அவளுக்கு அங்கே புரிந்திருக்க வேண்டும். விசிலைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டாள்.

அடுத்த வகுப்பில் வாயால் எண்ணினாள். கத்திப் பழகாத தொண்டை பாதி வகுப்பிலேயே கரகரத்தது. வீட்டில் ஒத்திகை வேறு. மறுநாள் பேச்சே வரவில்லை. சைகையில்தான் குடும்பம் நடந்தது. “கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இப்படி ஒரு அமைதியை நான் பார்த்ததே இல்லை” என்று அண்ணன் உருகினான். திங்கட்கிழமை வகுப்பு தொடங்கியும் குரல் வராததால், அவள் வாலுவின் ஸ்லேட்டைப் பிடுங்கி, சாக்பீஸால் ‘17’ என்று எழுதி, போனுக்கு முன்னால் தூக்கிப் பிடித்தாள்.

“நானா டீச்சர்? என்ன செய்யணும்?”

அண்ணி பத்து விரல்களையும் இரண்டு தடவை விரித்துக் காட்டினாள். பிறகு குதிப்பது போல, பிறகு வாயைத் திறந்து எண்ணுவது போலக் காட்டினாள். பதினேழாம் எண்ணுக்காரி எண்ணத் தொடங்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று. மற்றவர்கள் அந்த எண்ணிக்கைக்குத் தாவினார்கள். அடுத்து ஸ்லேட்டில் ‘4’. அடுத்து ‘34’. எப்போது தன் எண் வரும் என்று தெரியாததால் கட்டிலில் படுத்திருந்தவர்களும் எழுந்து உட்கார்ந்தார்கள். தன் முறை வந்ததும் ஒவ்வொருவரும் அண்ணியை விடக் கண்டிப்பாக எண்ணினார்கள். “பதினொன்னு, நீ ஏமாத்தறே, உனக்கு மட்டும் மறுபடி முதல்லேருந்து!” என்று ஒருத்தி அதட்டியபோது அண்ணி சத்தமில்லாமல் சிரித்ததைப் பார்த்தேன். தொண்டை சரியான பிறகும் அவள் ஸ்லேட்டை விடவில்லை.

இருட்டுக் கட்டங்கள் மட்டும் அப்படியே இருந்தன. எண்ணிப் பார்த்தால் இருபத்திரண்டு. கேமராவைப் போடுங்கள் என்று கெஞ்சினாள், அதட்டினாள். ஒருநாள் இருபத்துமூன்றாம் எண் எழுத்தில் பதில் அனுப்பினாள். அந்தப் பெண் மைக்கைத் திறந்து ஒருநாளும் பேசியதில்லை. ‘எங்க வீடு ஒரே ரூம் டீச்சர். போனைத் தூக்கி வச்சா அப்பா தூங்கறது தெரியும். அவருக்கு ராத்திரி வேலை. சத்தமும் போட முடியாது.’

எல்லோர் கண்ணிலும் படும்படியே எழுதிவிட்டாள். கீழே இன்னொரு வரி வந்தது. முப்பதாம் எண், ‘எங்க வீட்லயும் அப்படித்தான்.’ பிறகு இன்னொன்று.

அண்ணி அதைப் படித்துவிட்டு, என் கையிலிருந்த போனை வாங்கித் தரையில் வைத்தாள். சுவரில் சாய்த்து, கணுக்கால் அளவுக்கு மட்டும் தெரியும்படி திருப்பினாள். கட்டம் முழுக்க அவளுடைய இரண்டு வெறுங்கால்கள்.

“இதோ, இப்படி வைங்க. முகம் வேண்டாம். வீடு வேண்டாம். எனக்குக் கால் போதும்.”

ஒவ்வொன்றாகக் கட்டங்கள் திறந்தன. கிழிந்த காலுறையிலிருந்து எட்டிப் பார்க்கும் கட்டைவிரல், பாதி உதிர்ந்த நகச்சாயம், கொசு கடித்த தழும்பு, அண்ணனுடைய பெரிய செருப்பைப் போட்டுக்கொண்ட சின்னக் கால். சிவப்புத் தரை, சிமென்ட் தரை, பாய், கம்பளம். இருபத்துமூன்றின் கட்டமும் திறந்தது. வலது கணுக்காலில் கறுப்புக் கயிறு. முப்பத்தெட்டு ஜோடிக் கால்கள் சின்னச் சின்னச் சதுரங்களில் நின்றன. வெட்கப்பட எதுவும் இல்லாததால் அவை நன்றாகவே குதித்தன.

குதிப்பதில்தான் அடுத்த வேலை இருந்தது. அண்ணி டெய்லரிடம் போனாள்.

“அண்ணே, ஒரு உதவி. நான் மேல குதிப்பேன். உங்க டியூப் லைட்டு ஆடுதான்னு பார்த்துச் சொல்லணும்.”

“இதுக்குப் பேரு உதவியா டீச்சர்?” என்றார். ஆனாலும் ஜன்னலோரமாக, டியூப் லைட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணி மேலே தாவினாள். “ஆடுது!” என்று கீழிருந்து குரல் வந்தது. குதிகாலை ஊன்றாமல் முன்பாதத்தில் இறங்கினாள். “இப்பவும் ஆடுது, கொஞ்சம் கம்மி!” முட்டியை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி, கடைசி அங்குலத்தில் உடம்பைப் பிடித்து நிறுத்தி இறங்கினாள். கீழே சத்தமில்லை. மறுபடி தாவினாள்.

“டீச்சர், எப்ப குதிக்கப் போறீங்க? எனக்கு வேலை இருக்கு!”

“குதிச்சு முடிச்சாச்சு அண்ணே!”

சத்தமில்லாமல் இறங்குவது சத்தத்தோடு இறங்குவதை விட இரண்டு மடங்கு கடினம் என்று எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. பத்துத் தாவலுக்கு என் தொடை நடுங்கியது. அதற்குப் பூனைத்தாவல் என்று பெயர் வைத்தாள். தரையில் சாக்பீஸால் ஒரு கோடு. இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம், அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம். யார் இறங்கும் சத்தமும் பக்கத்து அறைக்குக் கேட்கக் கூடாது. கேட்டால் அந்தத் தாவல் கணக்கில் சேராது. சத்தம் போடாதே என்று வீட்டில் தினமும் திட்டு வாங்கிய பிள்ளைகளுக்கு, சத்தம் போடாமல் இருப்பதே பந்தயமாகிவிட்டது.

இன்னொரு நாள் ஆளுக்கு இரண்டு ஈரத்துணிகளை எடுத்து வரச் சொன்னாள். காலுக்கு ஒன்றாக மிதித்துக்கொண்டு, பாதத்தைத் தூக்காமல் அறையின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு வழுக்கிக்கொண்டே போக வேண்டும். அன்று மாலை அம்மாக்களிடமிருந்து செய்தி குவிந்தது. ‘டீச்சர், வீடு பளபளன்னு இருக்கு. தினமும் இதையே வைங்க.’ ‘அடுத்த கிளாஸ்ல கட்டிலுக்கு அடியிலயும் போகச் சொல்லுங்க.’

ஏமாற்றுகிறவர்களும் இருந்தார்கள். ஒன்பதாம் எண் ஒருநாள் தன் காலைப் படமெடுத்து, அந்தப் படத்தையே கேமராவுக்கு முன்னால் நிறுத்திவிட்டுப் போய்விட்டான்.

“ஒன்பது” என்றாள் அண்ணி அமைதியாக. “உன் சுண்டுவிரல் பத்து நிமிஷமா அசையலை. மரத்துப் போச்சா?”

கொஞ்ச நேரம் கழித்து எங்கிருந்தோ ஓடிவரும் சத்தம் கேட்டது. “வந்துட்டேன் டீச்சர்!”

“ஓடி வந்தியே, அதைக் கணக்குல சேர்த்துக்கறேன்.”

மூன்றாவது வெள்ளிக்கிழமை வந்தது. காலை பத்து மணிக்கு வகுப்பு. தலைமையாசிரியை பிள்ளைகளுக்குத் தெரியாமல், ‘அலுவலகம்’ என்ற பெயரில் கேமராவை அணைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். வராதவர்களுக்காக வகுப்பைப் பதிவு செய்வதும் அந்த அலுவலகக் கணக்குதான். அண்ணன் கடைக்குப் புறப்படும்போது, “பயப்படாதே, நாலாவதா வந்தாக்கூட வீட்டுல சேர்த்துக்கறேன்” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். அண்ணிக்குச் சிரிப்பு வரவில்லை. காலையிலிருந்து நாலு தடவை தண்ணீர் குடித்தாள்.

அன்றைய இலக்கு வகுப்பாகச் சேர்ந்து ஐந்நூறு பூனைத்தாவல். இருபது தாவல், பத்து மூச்சு, மறுபடி இருபது. ஒவ்வொரு இருபதையும் ஒருவர் எண்ண வேண்டும். நூற்றெண்பது வரை மணி மணியாகப் போனது. அண்ணி ஸ்லேட்டைத் துடைத்து அடுத்த எண்ணை எழுதக் குனிந்தாள். மின்விசிறி நின்றது.

மின்சாரம் போனதும் வைஃபை பெட்டியின் பச்சை விளக்குகளும் போயின. போன் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அண்ணி தன் டேட்டாவைத் திறந்தாள். அதைக் காலையிலேயே வாலு கார்ட்டூனில் கரைத்துக் குடித்திருந்தாள். என் போனுக்கு அந்த வீட்டுக்குள் என்றைக்குமே சிக்னல் கிடைத்ததில்லை.

“அம்மா, நான் ஒரே ஒரு கார்ட்டூன்தான்...” என்று வாலு ஆரம்பித்தபோது அண்ணி கூடத்தில் இல்லை.

படிக்கட்டில் மூன்று மூன்று படியாக இறங்கினாள். நடுப்படியில் வாலுவின் சைக்கிள் குறுக்கே கிடந்தது. சுற்றிப் போவாள் என்று நினைத்தேன். வலது காலை நீட்டி, இடது காலை மடக்கி இழுத்து, ஒரே வீச்சில் அதைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கினாள். இறங்கிய சத்தம்கூடக் கேட்கவில்லை. நான் சைக்கிளைத் தள்ளி வைத்துவிட்டுப் பின்னால் போனேன்.

“அண்ணே, போன்! உங்க போன்!”

டெய்லர் வாயில் நான்கு குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு யாருக்கோ தைத்த கோட்டைக் கடைப் பொம்மையில் மாட்டிக்கொண்டிருந்தார். பேச முடியாமல் கண்ணால் காட்டினார். நான் வகுப்பின் எண்ணையும் கடவுச்சொல்லையும் தட்டினேன். ‘அனுமதிக்காகக் காத்திருக்கவும்’ என்றது திரை. காத்திருந்தோம். அனுமதி மறுக்கப்பட்டது. மறுபடி தட்டினேன். மறுபடியும் மறுப்பு.

“என்ன ஆச்சு? ஏன் விட மாட்டேங்கறாங்க?” அண்ணி போனையே எட்டி எட்டிப் பார்த்தாள். “எல்லாரும் போயிட்டாங்களா? மேடமும் போயிட்டாங்களா?”

அப்போதுதான் பார்த்தேன். அந்தப் போன் உள்ளே போகக் கேட்ட பெயர் ‘புதுமை டெய்லர்ஸ் - ஆண்கள் பெண்கள்’. எந்தத் தலைமையாசிரியை ஏழாம் வகுப்புக்குள் அவர்களை விடுவார்? பெயரை அழித்து ‘விளையாட்டு டீச்சர்’ என்று மாற்ற என் விரல் மூன்று தடவை தப்பாகத் தட்டியது.

இந்தத் தடவை அனுமதி கிடைத்தது. திரையில் முதலில் தெரிந்தது, வாயில் ஊசிகளோடு டெய்லரின் முகம். அதற்குக் கீழே வரிசை வரிசையாகச் சதுரங்கள். கால்கள். எல்லாம் காற்றில் இருந்தன. எல்லாம் ஒன்றாக இறங்கின.

“நானூத்தி அறுபத்தொன்னு” என்றது ஒரு குரல். “நானூத்தி அறுபத்திரண்டு.”

பதினோரு நிமிடம் ஆகியிருந்தது.

அந்தப் பதினோரு நிமிடத்தைப் பிற்பாடு பதிவில் பார்த்தோம். அண்ணியின் கட்டம் மறைந்ததும் எல்லாக் கால்களும் நின்றுவிட்டன.

“டீச்சர் போயிட்டாங்கடா” என்றான் முப்பத்துநாலு.

“கிளாஸ் முடிஞ்சுது! டாட்டா!” இது ஒன்பது.

அப்போது எழுத்தில் ஒரு வரி வந்தது. முப்பத்துநாலு அதை உரக்கப் படித்தான். “இருபத்துமூணு எழுதியிருக்கா. ‘டீச்சர் முடிஞ்சதுன்னு சொல்லலை. நூத்தியெண்பதுல நிக்குது.’”

“ஸ்லேட் இல்லாம யாரு எண்ணறது?”

“இன்னைக்கு எண்ணாதவங்க வரிசையா எண்ணலாம். ஆளுக்கு இருபது” என்றாள் பதினேழு.

“உன்னை யாரு லீடராக்கினது பதினேழு?” என்றான் ஒன்பது.

“யாரும் ஆக்கலை. ஒன்னு நீ எண்ணு. இல்லைன்னா தள்ளு.”

அவனுடைய கால் கட்டத்தை விட்டுப் போனது, திரும்பி வந்தது. “சரி. ஆனா என் இருபதுல யாராவது சத்தம் போட்டு இறங்கினா நான் சும்மா இருக்க மாட்டேன்” என்றான். நூற்றெண்பத்தொன்று அவன் வாயிலிருந்துதான் வந்தது.

இதெல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது. டெய்லரின் வெட்டு மேசையில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு மூவரும் மூச்சை அடக்கிப் பார்த்தோம். தான் வந்துவிட்டதை அண்ணி சொல்லவில்லை. நானூற்றெண்பதில் ஒரு குரல் நின்றது. பத்து மூச்சு ஆனது. கடைசி இருபது பாக்கி.

“அடுத்தது யாரு?” என்றாள் பதினேழு. “இருபத்துமூணு, நீதான். நீ எண்ணாட்டாலும் பரவாயில்லை, நான்...”

இருபத்துமூன்றின் மைக் திறந்தது. முதலில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, யாரோ காதுக்குள் ரகசியம் சொல்வது போல, “நானூத்தி எண்பத்தொன்னு.”

அடுத்தடுத்து எல்லா மைக்குகளும் அணைந்தன. யாரும் சொல்லவில்லை, தாங்களாகவே அணைத்துக்கொண்டார்கள். தூங்கும் அப்பா எழுந்துவிடாத அளவுக்கு அவள் கிசுகிசுத்தாள். முப்பத்தெட்டு ஜோடிக் கால்களும் அந்தக் கிசுகிசுப்புக்குக் கோட்டைத் தாண்டின. கறுப்புக் கயிறு கட்டிய கணுக்காலும் தாண்டியது. தொண்ணூற்றெட்டு. தொண்ணூற்றொன்பது.

“ஐந்நூறு.”

மைக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் திறந்து, போன் அதிர்ந்தது. ஊளை, கைதட்டல், எவனோ பாத்திரத்தைத் தட்டினான். டெய்லர் ஊசிகளைத் துப்பிவிட்டுக் கைதட்டினார். அண்ணி முந்தானை இல்லாத டிராக் சூட்டின் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“ஒரு நிமிஷம்” என்றது ‘அலுவலகம்’. “நான் ஹெச்.எம். பேசறேன்.”

அடுத்த நொடி எல்லாக் கால்களும் குதிகால் சேர்த்து விறைப்பாக நின்றன. ஒருவன் அவசரத்தில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டான்.

“எல்லாரும் போய் தண்ணி குடிங்க” என்றார் அவர். அதற்கு மேல் சொல்லவில்லை. பிள்ளைகள் கிளம்பினார்கள். அண்ணியும் அவரும் மட்டும் மிஞ்சினார்கள், நடுவில் நானும் டெய்லரும்.

“பதினோரு நிமிஷம் நீங்க இல்லை, டீச்சர்.”

“கரண்ட் போயிடுச்சு மேடம். நான் உடனே...”

“அதைக் கேட்கலை. நீங்க இல்லை. கிளாஸ் நிக்கலை. அப்ப நீங்க எதுக்குன்னு நான் கேட்டா என்ன சொல்லுவீங்க?”

டெய்லர் என்னைப் பார்த்தார். அண்ணிக்கு ஓடி வந்த மூச்சு இன்னும் அடங்கியிருக்கவில்லை.

“அந்தப் பதினோரு நிமிஷத்துக்காகத்தான் மேடம் நான் மூணு வாரமா வேலை பார்த்தேன்.”

தலைமையாசிரியை சிரித்தார். அந்த அம்மாள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

“கணக்கு கிளாஸ்ல டீச்சரோட நெட்வொர்க் ஒரு நிமிஷம் போனா, திரும்பி வர்றப்போ நாலு பேருதான் இருக்காங்க. நானும் எத்தனையோ கிளாஸ் பார்த்துட்டேன்” என்றார். “திங்கட்கிழமையிலிருந்து ஆறு, ஏழு, எட்டு, மூணு வகுப்புக்கும் உங்க பீரியட். வாரத்துல மூணு நாள் இல்லை, தினமும். காலையில முதல் மூணு பீரியடும் உங்களுக்கு, ஒரு வகுப்பு முடிஞ்சு இன்னொன்னு. அப்புறம்தான் கணக்கு. கணக்கு டீச்சர்கிட்ட நானே சொல்லிக்கறேன்.”

அழைப்பு முடிந்தது. அண்ணி போனைத் துடைத்து டெய்லரிடம் நீட்டினாள். அவள் குதிகால் தரையில் தங்கவில்லை.

“டீச்சர், குதிக்கணும்னா இங்கேயே குதிச்சுடுங்க” என்றார் அவர். “எனக்குக் கீழ யாரும் குடியில்லை.”

அண்ணி குதித்தாள். முட்டியை மடக்காமல், குதிகாலை ஊன்றி, முழு எடையோடு. பொம்மை சாய்ந்தது, கத்தரிக்கோல் மேசையிலிருந்து விழுந்தது, நூல்கண்டுகள் உருண்டு ஓடின. மறுபடியும் குதித்தாள். மேலே மாடிப்படியில் வாலு நின்று, “அம்மா, சத்தம்! சத்தம்!” என்று கத்தினாள்.

சாயங்காலம் அண்ணன் வந்து நடுப்படியில் நின்றபோது, விஷயத்தை மேலிருந்தே சொல்லிவிட்டோம். அன்று அவன் வானத்தைப் பார்க்கவில்லை. மிச்சப் படிகளை நிற்காமல் ஏறி வந்து, பேச மூச்சில்லாமல் அவள் தோளைத் தட்டிக்கொண்டே இருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அண்ணி ஆறாம் வகுப்புப் பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த வருடம் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள். ஒருத்தரையும் மைதானத்தில் பார்த்ததில்லை. நாற்பத்தொரு பேர். திங்கள் காலை சோபாவைச் சுவரோடு தள்ளினோம். போனைப் பிடித்தேன். கட்டங்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பயந்த முகங்கள், தூக்கம் கலையாத முகங்கள், தலைவாரிப் பொட்டு வைத்து அம்மா உட்கார வைத்த முகங்கள்.

அண்ணி எல்லோரையும் ஒரு சுற்று பார்த்தாள்.

“வணக்கம். முகமெல்லாம் அழகா இருக்கு” என்றாள். “இப்ப போனைக் கீழ வைங்க.”